ஜப்திக் கப்பல் ஈன்ற குட்டி

முத்தரையன்துறைப் பக்கம் இன்றைக்கும் யாரிடமாவது வயசு கேட்டால், கப்பல் குட்டி போட்டதற்கு முந்தி என்றோ பிந்தி என்றோதான் சொல்வார்கள். கேட்கிறவர்களும், கப்பலா, குட்டியா என்று வாயைப் பிளப்பதில்லை. எந்தக் கப்பல் என்று மட்டும் கேட்பார்கள், ஹெலேனா என்று பதில் வரும், ஓ அந்த ஜப்திக் கப்பலா என்று சொல்லிவிட்டு, மீன் விலையோ மழையோ, பேச்சு அடுத்ததுக்குப் போய்விடும்.

ஹெலேனா உப்பு ஏற்ற வந்த சரக்குக் கப்பல். ஒரு மூட்டை உப்புகூட ஏறவில்லை. வேறேதோ தேசத்தில் வாங்கின எண்ணெய்க்குக் கப்பல் முதலாளி பணம் கொடுக்காமல் கைவிரித்துவிட்டார். முதலாளி அகப்படாவிட்டால் கப்பலைப் பிடித்து நிறுத்தலாம் என்று கடல் சட்டத்தில் இடமிருப்பதால், எண்ணெய் கொடுத்த கம்பெனிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு அமீனா திருவேங்கடம், கயிற்று ஏணியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, உத்தரவுக் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மைதாப் பசைச் சட்டியோடு மேலே ஏறிவந்து, கப்பலோட்டும் அறையின் கண்ணாடியில் அதை ஒட்டினார். ஒட்டி முடித்து, கேப்டனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார். பாத்திரம் பண்டம், கட்டில், ஆட்டோ எல்லாம் ஜப்தி பண்ணியிருக்கேன். இவ்வளவு பெரிசு இதுதான் முதல் தடவை."

கேப்டன் பனி கொட்டுகிற தேசத்துக்காரர். அவருக்குத் தமிழ் புரியவில்லை, கும்பிடு புரிந்தது. அவரும் கும்பிட்டார்.

அன்றிலிருந்து ஹெலேனா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. முதலாளியின் போன் முதலில் மணி மட்டும் அடித்தது, பிறகு அதுவும் இல்லை. மாலுமிகள் ஒவ்வொருவராக எப்படியோ ஊர்போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் ஆளே இல்லாமல் கப்பலை விடக்கூடாது, அதிலும் இயந்திர அறைக்கு ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்று விதி இருந்ததால், கேப்டனும், ஒரு வங்காளத்துச் சமையல்காரரும், இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற சேவுகன் என்பவனும் மிஞ்சினார்கள். சேவுகனுக்குப் பதில் ஆளை முதலாளிதான் அனுப்ப வேண்டும். முதலாளியை யார் அனுப்புவது?

சேவுகனுக்கு ஊர் மானாமதுரைக்குப் பக்கம், கரையேறினால் அரைநாள் பயணம். உலகத்தின் எந்த மூலையில் மாட்டியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும், சொந்த மண்ணைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதில் காலை வைக்க முடியாமல் நிற்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவன் மனைவி அழகுமீனா மாசமாக இருந்தாள். தினமும் போனில், "இன்னைக்கு விட்ருவாகளா மச்சான்?" என்று கேட்பாள். தினமும், "நாளைக்கு விட்ருவாக" என்பான்.

இப்படி இருக்கையில் ஹெலேனா கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் தாழ ஆரம்பித்தது. சரக்கில்லாத கப்பல், எரிபொருளும் தீர்ந்துகொண்டு வருகிற கப்பல், மேலேதான் எழும்ப வேண்டும். கேப்டன் பக்கவாட்டில் எழுதியிருந்த ஆழக் குறிகளைக் குனிந்து பார்த்தார், எங்கோ ஓட்டை என்று சொன்னார். சேவுகன் அடிவயிறுவரை இறங்கித் தேடினான். ஓட்டையும் இல்லை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. நடு அறையின் சுவர் மட்டும் காய்ச்சல்காரியின் நெற்றிபோலச் சுட்டது. உள்ளங்கையை வைத்தான். அந்தப் பக்கமிருந்து ஏதோ ஒன்று மெத்தென்று உதைத்தது. அழகுமீனாவின் வயிற்றில் கைவைத்தபோது கிடைத்த அதே உதை. சேவுகன் கையை எடுக்கவில்லை, இன்னொரு தடவை உதைக்கட்டும் என்று வெகுநேரம் அங்கேயே நின்றான்.

கேப்டனிடம் இதை எந்த பாஷையில் சொல்வது என்று தெரியாததால், குடிதண்ணீரும் காய்கறியும் வள்ளத்தில் கொண்டுவருகிற மிக்கேலம்மாளிடம் முதலில் சொன்னான். மிக்கேலம்மாள் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், பிறகு அவன் வள்ளத்தைத் தானே எடுத்து ஓட்டுகிறவள், எந்தச் செய்திக்கும் அசராதவள்.

"அக்கா, கப்பலுக்கு மாசம்னு நெனைக்கிறேன்."

அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, பெண்ணை நிற்கவைத்துப் பார்ப்பதுபோலக் கப்பலை முன்னும் பின்னும் பார்த்தாள். "எனக்கு அப்பமே தோணிச்சு தம்பி. நிக்க நெலையே சரியில்லல்லா. சொமந்து நிக்கா. யாருகிட்டயும் இப்பம் சொல்லாத, கண்ணு பட்டுரும்."

சொல்லாதே என்றவள் கரைக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து மீன்பிடிக்கப் போகிற விசைப்படகுகள் ஹெலேனாவைக் கடக்கும்போது இன்ஜின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டன. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

பிரசவம் நடுப்பகலில் நடந்தது. மூன்று பேரும் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் தாமாக நடுங்கி மேஜை ஓரத்துக்கு நகர்ந்தன, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சைப் பிடித்ததுபோல அப்படியே நின்று, பெரிய பெருமூச்சோடு நிமிர்ந்தது. அவர்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது, காற்று படாத பக்கத்தில், தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு லாரி நீளத்துக்கு ஒரு குட்டிக் கப்பல் மிதந்தது. இரும்புக் கதவுக்கு முதல் பூச்சாக அடிப்பார்களே, அந்தச் செங்காவி நிறம், இன்னும் காயாத பளபளப்பு. ஆள் நுழைய முடியாத ஓர் ஓட்டும் அறை, குடைக்கம்பிப் பருமனில் ஒரு பாரந்தூக்கி, பூட்டுச் சாவி அளவுக்கு ஒரு நங்கூரம், எல்லாம் அதற்கு இருந்தன. பெயர் மட்டும் எழுதியிருக்கவில்லை. அது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஒரு தரம் ஊதியது.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். சமையல்காரர் அழுதார். சேவுகன், "நல்லா இருக்கு, ரெண்டும் நல்லா இருக்கு" என்று யாரும் கேட்காமலேயே சொன்னான். அந்த நேரத்திலிருந்து ஹெலேனாவை யாரும் அது என்று சொல்லவில்லை, அவள் என்றார்கள்.

சாயங்காலத்துக்குள் பாதி ஊர் கடலில் இருந்தது. பெண்கள் வள்ளங்களில் வந்து குட்டியைச் சுற்றி மிளகாயும் உப்பும் கழித்துக் கடலில் போட்டார்கள். பங்குச் சாமியார் வந்து, கப்பலுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வழியில்லை, படகுக்கு மந்திரிக்கிற ஜெபம் வேண்டுமானால் சொல்கிறேன் என்று சொல்லி, மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார், குட்டி தும்மியது. பிள்ளை பெற்றவளுக்கென்று மிக்கேலம்மாள் ஒரு பெரிய சட்டி நிறைய சுறாப்புட்டு அவித்துக் கொண்டுவந்தாள், கப்பலுக்கு எப்படி ஊட்டுவது என்று விளங்காததால் அவளுக்குப் பதிலாக மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

துறைமுக அலுவலகத்தில்தான் கொஞ்சம் குழப்பம். அங்கே வந்த கப்பல், போன கப்பல் என்று இரண்டே வகைதான் உண்டு, எங்கிருந்தும் வராமலேயே இருக்கிற கப்பலை எதில் சேர்ப்பது என்று யோசித்து, யோசித்து, கடைசியில் காணாததுபோல இருந்துவிட்டார்கள்.

குட்டி தாயின் அடிவயிற்றில் முட்டும். எந்தக் குழாயும் இல்லாத இடத்தில், தகடும் தகடும் சேருகிற தையலோரத்தில், கருப்பாக எண்ணெய் கசியும், அதைக் குடிக்கும். ஆனால் ஹெலேனாவின் தொட்டியில் மிஞ்சியிருந்தது வெறும் அடிவண்டல்தான். ஒருநாள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் குட்டி வெறும் வாயோடு கத்தியது. அது கரைவரை கேட்டது. மறுநாள் விடியலில் கடலுக்குப் போகிற படகெல்லாம் ஹெலேனாவின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றன. ஒருவன் ஒரு பாட்டில், ஒருவன் அரை கேன், தன் டீசலில் கொஞ்சம் எடுத்துக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான், சேவுகன் அதை வாங்கித் தொட்டியில் ஊற்றினான். "பச்ச ஒடம்புக்காரிக்கி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் எட்டியது. பசுவை ஜப்தி செய்தால் கன்றும் சேர்த்திதான் என்று அவர்களுடைய வக்கீல் வாதாடி, குட்டிக்கும் ஓர் உத்தரவு வாங்கிவிட்டார். திருவேங்கடம் மறுபடியும் பசைச் சட்டியோடு வந்தார். மிக்கேலம்மாள்தான் அவரை வள்ளத்தில் கொண்டுவந்தாள், வழி முழுக்க அவரோடு பேசவில்லை.

அவர் குட்டியின் நெற்றியில் காகிதத்தை ஒட்டினார். ஈரச் செங்காவியில் அது வழுக்கிக்கொண்டு கடலில் விழுந்தது. இரண்டாம் தரம் ஒட்டப் போனபோது குட்டி கூச்சப்பட்டுத் தாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மூன்றாம் தரம் அவர் கையை நீட்டியதும், அது கையிலிருந்த பசையை மோந்து பார்த்துவிட்டு விலாவை அவர் முழங்காலில் தேய்த்தது. திருவேங்கடம் வேட்டியெல்லாம் செங்காவியாக, வள்ளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், ஒட்டலயா?" என்று சேவுகன் மேலிருந்து கேட்டான்.

"ஒட்டலைப்பா. ஒட்டலைன்னே எழுதிடறேன்." பிறகு மிக்கேலம்மாளிடம் தணிந்த குரலில், "ஏம்மா, இது ராத்திரியில குளிர் தாங்குமா?" என்றார்.

திரும்பும் வழியில் மிக்கேலம்மாள் அவருக்கு வெற்றிலை கொடுத்தாளாம்.

அமீனாவின் அறிக்கையை வாசித்த நீதிபதி அம்மாள், கம்பெனி வக்கீலிடம், "அது பால் குடிக்கிறதா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

"டீசல், அம்மா."

"குடிக்கிறதா, இல்லையா?"

"குடிக்கிறது."

அப்படியானால் கடன் தாயோடு போகட்டும், பிறக்கும் முன்னால் வாங்கின கடனுக்குக் குட்டி பொறுப்பில்லை, அதைப் பிடிக்கவும் கூடாது விற்கவும் கூடாது, பால் மறக்கிறவரைக்கும் தாயையும் விற்கக்கூடாது என்று தீர்ப்பானது.

அந்த வாரத்தில்தான் மானாமதுரை ஆஸ்பத்திரியில் அழகுமீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேவுகன் போனில் குழந்தையின் அழுகையைக் கேட்டான். போட்டோவில் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்கி, குட்டியின் மேல்தட்டில் ஒட்டியிருந்த பாசியைத் தன் துண்டால் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். மேலேயிருந்து பார்த்த கேப்டன் அவனைக் கூப்பிடவில்லை.

அழகுமீனாவுக்கு அது தெரிந்தபோது கோபம் வந்தது. "கப்பல் பெத்த புள்ளைக்கு ஒடம்பு தொடச்சு விடுறீகளாம். நீங்க பெத்தது இங்க கெடக்கு."

"என்னைய என்ன செய்யச் சொல்ற மீனா? எறங்குனா கேஸு."

போனில் குழந்தை சிணுங்கியது, அவள் அதைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "சரி, நீங்க வரமுடியாட்டி நாங்க வாறோம்" என்றாள்.

பச்சை உடம்பு தேறியதும், குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி வந்து இறங்கினாள். மிக்கேலம்மாள் அவளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு ஹெலேனாவின் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். ஆனால் ஜப்திக் கப்பலில் வெளியாள் ஏறக்கூடாது, கப்பல்காரன் வள்ளத்தில் இறங்கக்கூடாது. ரோந்துப் படகு ஒன்று கொஞ்ச தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றது. மேலே புருஷன், கீழே பெண்டாட்டி, நடுவில் ஒரு மாடிவீட்டு உயரத்துக்கு இரும்பு. அழகுமீனா குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். "தெரியுதா மச்சான்?" சேவுகனுக்குத் துணிதான் தெரிந்தது.

அப்போது குட்டி வந்தது. வள்ளத்துக்கும் தாய்க்கும் நடுவில் தன் மூக்கை நுழைத்து, வள்ளத்தை ஒரு பக்கம் முட்டித் தள்ளி, இரண்டுக்கும் இடையில் பலகை போட்டதுபோல வந்து நின்றது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மிக்கேலம்மாள்தான் முதலில் புரிந்துகொண்டாள்.

"ஏ புள்ள, இது மேல ஏறு! இதுக்கு எந்தக் கோர்ட்டு உத்தரவும் கெடையாதுல்லா!"

அழகுமீனா வள்ளத்திலிருந்து குட்டியின் தட்டில் காலெடுத்து வைத்தாள். சேவுகன் ஏணியில் இறங்கி அதே தட்டில் குதித்தான். ரோந்துப் படகு வேகமாக வந்தது, அதிலிருந்தவர்கள் இது ஜப்திக் கப்பலா, கரையா, கடலா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, எதுவும் இல்லை என்று கண்டு, வந்த வழியே போய்விட்டார்கள்.

சேவுகனுக்குக் குழந்தையை வாங்கத் தெரியவில்லை. கையைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். "எண்ணெய்க் கையி" என்றான்.

"பரவால்ல, புடிங்க. பேரு வைக்காமயே வச்சிருக்கேன். நீங்கதான் வைக்கணும்."

அவன் குழந்தையின் காதில் தன் அம்மாவின் பெயரை, வெள்ளையம்மா, வெள்ளையம்மா, வெள்ளையம்மா என்று சொன்னான். குழந்தை கொட்டாவி விட்டு, அவன் மார்பிலேயே தூங்கிப்போனது. அது தூங்கியதும் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். துள்ளிக்கொண்டேயிருக்கிற குட்டி, தன் முதுகில் குழந்தை தூங்குகிறது என்று தெரிந்ததுபோல, ஓர் அசைவில்லாமல், அலைக்குக்கூட ஆடாமல் நின்றது. பிறகு தானும் கண்ணை மூடிக்கொண்டதுபோல அதன் சின்ன விளக்குகள் அணைந்தன. அழகுமீனா அந்தச் செங்காவித் தகட்டைத் தடவிக் கொடுத்தாள். அவளுடைய கோபம் எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியாது.

மிக்கேலம்மாளின் வீட்டிலேயே அவள் தங்கிவிட்டாள். சேவுகனின் குடும்பம் தினமும் அந்தத் தட்டில்தான் கூடியது. அங்கேதான் குழந்தை குப்புற விழுந்தது, அங்கேதான் முதல் பல்லைக் காட்டிச் சிரித்தது. கேப்டன் மேலிருந்து ஒரு நூலில் ஆரஞ்சுப் பழம் கட்டி இறக்குவார்.

குட்டி வளர்ந்தது. முட்டுவது குறைந்தது. ஒருநாள் விசைப்படகு ஒன்றின் பின்னால் போய், அவர்கள் நீட்டிய கேனிலிருந்து நேராகவே குடித்துவிட்டு வந்தது. பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. முத்தரையன்துறை முழுக்க அந்த ரகசியத்தைக் காத்தது. ஆனாலும் ஒருநாள் அது கேனில் குடிப்பதைக் கம்பெனி வக்கீல் போட்டோ எடுத்து, பால் மறந்தாயிற்று என்று கோர்ட்டில் காட்டிவிட்டார்.

ஹெலேனா ஏலம் போனாள். எடுத்தவர்கள் கப்பல் உடைக்கிறவர்கள். இழுத்துப் போக ஓர் இழுவைக் கப்பல் வந்தது. அன்றைக்கே சேவுகனுக்கு விடுதலைக் காகிதமும் வந்தது. அழகுமீனா பெட்டி கட்டிவிட்டாள்.

ஆனால் ஹெலேனா அசையவில்லை. நங்கூரம் எடுத்தாயிற்று, வடம் கட்டியாயிற்று, இழுவைக் கப்பல் புகையைக் கக்கிக்கொண்டு இழுத்தது, வடம் வீணைத் தந்தியாக நடுங்கியது, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். குட்டி அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தாலொழிய நடக்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது. விரட்டினார்கள், போகவில்லை. கயிறு போட்டார்கள், அறுத்துக்கொண்டது. மறுநாளும் நகராவிட்டால் நின்ற இடத்திலேயே வைத்து, குட்டியின் கண்ணெதிரே, வெட்டி எடுக்க ஆள் அனுப்பப்போவதாக இழுவைக்காரர்கள் சொன்னார்கள்.

கேப்டன் சேவுகனைப் பார்த்தார். ஊரே அவனைப் பார்த்தது.

"நான் மாட்டேன்" என்றான் சேவுகன். "தாயையும் புள்ளையையும் பிரிக்கிற கையி என் கையி இல்ல. அதுக்கு வேற ஆளப் பாருங்க."

மிக்கேலம்மாள்கூடத் துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள். அழகுமீனாதான் இடுப்பிலிருந்த குழந்தையை மார்புக்கு மாற்றிக்கொண்டு, வள்ளத்தில் ஏறினாள்.

"வாங்க மச்சான். வேற ஆளு செஞ்சா வலிக்கச் செய்வாக."

இருவரும் குட்டியின் தட்டில், வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்கள். அழகுமீனா குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பிறகு மடியில் போட்டுத் தட்டினாள், வார்த்தையில்லாத ஒரு தாலாட்டை, ரோரோரோ என்று மூக்காலேயே இழுத்துப் பாடினாள். வெயில் இறங்கியது. சுற்றிலும் நின்ற படகுகளில் இன்ஜின்களை நிறுத்திவிட்டார்கள், இருமல் வந்தவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். வெள்ளையம்மாவின் கண் சொருகியது. குட்டியின் துள்ளல் அடங்கியது. அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

சேவுகன் ஹெலேனாவை நிமிர்ந்து பார்த்தான். துரு ஒழுகிய அந்தப் பெரிய பக்கச்சுவர் அவன் தலைக்கு மேலே நின்றது. "நாங்க பாத்துக்கிறோம்" என்று மட்டும் சொன்னான், பக்கத்திலிருந்த அழகுமீனாவுக்கே கேட்காத குரலில். பிறகு ஒரு கயிற்றைக் குட்டியின் மூக்கில் கட்டி, நுனியை மிக்கேலம்மாளின் கையில் கொடுத்தான்.

துடுப்புகளால் மட்டும் இழுத்தார்கள். பத்து வள்ளங்கள், ஒரு சலசலப்பு இல்லாமல், தூங்குகிற குட்டியைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தன. அவர்கள் தோணித்துறைக்கு வந்து சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது, ஹெலேனா நகர ஆரம்பித்திருந்தாள்.

துறையை விட்டுப் போகிற கப்பல் ஒரு தரம் நீளமாக ஊதிவிட்டுப் போவது வழக்கம். அதற்கென்றே காற்றுக்குடுவையில் ஓர் ஊதலுக்கான காற்றை, அவளோடே போகிற கேப்டன் செலவழிக்காமல் வைத்திருந்தது சேவுகனுக்குத் தெரியும். கரையில் நின்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். திருவேங்கடமும் வந்து கூட்டத்தில் நின்றிருந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். ஹெலேனா கலங்கரை விளக்கத்தைக் கடந்தாள், அடையாள மிதவையைக் கடந்தாள், அங்கே ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது, பெண்கள் காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினார்கள். அவள் ஊதவில்லை. கடல் விளிம்பில் புள்ளியாகி, புள்ளியும் போகிறவரைக்கும், அவள் ஊதவேயில்லை.

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மிக்கேலம்மாள் அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். "புள்ள தூங்குதுல்லா" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் உடைந்ததை ஊர் கேட்டது.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. மானாமதுரைக்குப் போகிற கடைசி பஸ் கடற்கரைச் சாலையில் வந்து நின்றது. கண்டக்டர், குட்டியின் தட்டில் உட்கார்ந்திருக்கிற சேவுகனையும், பக்கத்தில் கட்டிவைத்த பெட்டியையும், மடியில் தூங்குகிற குழந்தையையும் பார்த்து, விசிலை வாய்வரை கொண்டுபோய், அடிக்காமல், கையாலேயே டிரைவருக்குச் சைகை காட்டினார். பஸ் மெல்லப் போனது.

அழகுமீனா அது வளைவில் மறைகிறவரைக்கும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்தாள்.